ஞாயிறு மாலை விசுவாச விவாத வகுப்பு: பத்து வாரம், 600 ரூபாய் – சேரலாமா?

கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பக்கம் ஒரு சபைக் கூடத்தில் ஞாயிறுதோறும் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை நடக்கிறது இந்த வகுப்பு. மொத்தம் பத்து வாரம். கட்டணம் 600 ரூபாய். 140 பக்கப் பாடநூலும் இடைவேளை டீயும் சுண்டலும் அதில் அடக்கம். தேவன் தண்டிக்கிறாரா, மனுஷனுக்குச் சுயசித்தம் எவ்வளவு, இயேசுவைப் பற்றிய செய்திக்கு ஆதாரம் என்ன – இந்த மூன்றைத்தான் எடுத்து அலசுகிறார்கள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எல்லாத் தரப்பும் வருகிறது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பெண் எடுத்த, பெண் கொடுத்த இந்துக்களும் கணிசமாக வருகிறார்கள். இப்படி ஒரு வகுப்பை ஈரோட்டிலோ கரூரிலோ யாரும் தொடங்கலாம் என்பதால் நடத்துபவர்களின் பெயரை விட்டுவிட்டு, நடத்தும் முறையையும் பாடநூலையும் மட்டும் எடைபோடுகிறோம்.

சேரலாம். விவாதம் நடத்தும் முறை இந்தப் பக்கத்தில் வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு நன்றாக இருக்கிறது. பாடநூல் சில இடங்களில் தன் கையில் இருப்பதைவிட அதிகமாக உரிமை கொண்டாடுகிறது. அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு போனால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும்.

முதலில் முறை. நாற்பது நிமிடப் பாடம் முடிந்ததும் ஆளுக்கு அரைத்தாள் கொடுக்கிறார்கள். மேலே, 'இந்தக் கேள்வியில் என் நிலை என்ன'. கீழே, 'எது தெரிய வந்தால் நான் மாற்றிக்கொள்வேன்'. கீழ்ப்பாதியைக் காலியாக விடுபவர் அன்றைக்கு வாதாட முடியாது, கேட்டுக்கொண்டுதான் இருக்கலாம். பிறகு சீட்டுக் குலுக்கி இரண்டு பேரை எடுப்பார்கள். முதலாமவருக்கு 4 நிமிடம். இரண்டாமவர் பதில் சொல்வதற்கு முன், எதிராளி சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலாமவர் "ஆமாங்க, அதேதான்" என்று ஒத்துக்கொள்ளும் வரை கடிகாரம் ஓடாது. அதன் பிறகே அவருடைய 4 நிமிடம் தொடங்கும். கடைசிப் பத்து நிமிடம் கூடத்துக்கு; ஒரு கேள்விக்கு 30 விநாடி, மணி அடித்தால் உட்கார வேண்டும்.

இதில் சிக்கல் வருவது திருப்பிச் சொல்லும் கட்டத்தில்தான். திருப்பிச் சொல்கிறேன் என்ற பேரில் மறுப்பையும் சேர்த்துவிடுகிறார்கள். "தேவன் அன்புள்ளவர்னா நரகம் இருக்காதுன்னு நீங்க தப்பா நினைக்கிறீங்க" என்றால், 'தப்பா' என்ற சொல்லிலேயே ஒருங்கிணைப்பாளர் கையை உயர்த்திவிடுவார். மூன்றாம் வாரத்துக்குள் பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. வயதில் மூத்தவர் பேசினால் இளையவர் வாயைத் திறப்பதில்லை. "பெரியவங்க சொல்றப்ப எதுத்துப் பேசுனா நல்லாருக்காதுங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதற்கு இவர்கள் செய்திருக்கும் ஏற்பாடு அருமை: ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் சீட்டில் வந்தால், தான் ஏற்காத பக்கத்துக்காகவே வாதாட வேண்டும். மூப்பர் ஒருவர் எழுந்து, நரகம் நியாயமற்றது என்பதற்கு உள்ளதிலேயே வலுவான வாதத்தைச் சொல்லும்போது, அவரை மறுப்பதில் இளையவருக்குத் தயக்கம் இருப்பதில்லை. மரியாதையும் கெடுவதில்லை.

இனி உள்ளடக்கம். முதல் வாரம் அறிமுகத்தோடு போய்விடுகிறது. இரண்டாம் வாரம், இந்த வாழ்க்கையில் வரும் துன்பம் தண்டனையா என்ற கேள்வி. பத்து வாரத்தில் பாடநூல் முழு பலத்தோடு நிற்பது இங்கேதான். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டையும் மறுக்கிறார் (யோவான் 9). பிதாக்களுடைய அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்ற யாத்திராகமம் 20:5-ஐக் காட்டி யாராவது மடக்கினால், தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்ற எசேக்கியேல் 18:20-ஐப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக்குப் போன பக்தர்கள் சுனாமியில் மாண்டதை எடுத்துக்காட்டாக வைத்து இந்த வசனங்களை விளக்கியிருப்பது நிதானமாகவும் கண்ணியமாகவும் இருக்கிறது.

இந்தப் பாடம் ஏன் இத்தனை அவசியம் என்று சொல்லியாக வேண்டும். குறைபாட்டோடு குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய் 'போன ஜென்ம வினை' என்பதற்கும், 'உங்க தலைமுறைச் சாபம், உபவாச ஜெபத்துல முறிக்கணும்' என்பதற்கும் அந்தத் தாய்க்கு எந்த வித்தியாசமும் கிடையாது. இரண்டாவதைச் சொல்கிறவர் யோவான் 9-ஐக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறார் என்பதுதான் வேதனை.

ஒரு விடுபடல் உண்டு. காணிக்கைப் பணத்தில் பொய் சொன்ன அனனியா, சப்பீராள் விழுந்து செத்தது (அப்போஸ்தலர் 5), திருவிருந்தை அபாத்திரமாய் எடுத்ததால் பலர் வியாதிப்பட்டது (1 கொரிந்தியர் 11:30) இரண்டையும் பாடநூல் தொடவே இல்லை. எதிரே பேசுகிறவர் இவற்றைத்தான் முதலில் எடுப்பார். அதற்கான பதிலைத் தயாராக வைத்திருங்கள்: பாவத்துக்குத் தண்டனை வரக்கூடும் என்று ஒத்துக்கொண்டாலும், வந்த துன்பமெல்லாம் தண்டனை என்று அதிலிருந்து பின்னோக்கி முடிவு கட்ட முடியாது. துன்பப்பட்ட யோபு பாவம் செய்திருப்பான் என்று அவனுடைய நண்பர்கள் சறுக்கியது அப்படிப் பின்னோக்கிப் போய்த்தான்.

மூன்றாம் வாரம் நரகம். முடிவில்லாத வேதனை என்பது ஒரு நிலை; அகஸ்டின் காலம் முதல் மேற்குத் திருச்சபையில் பெரும்பான்மை இதுதான். துன்மார்க்கர் முடிவில் இல்லாமலே போவார்கள் என்பது அடுத்தது. ஆங்கிலிக்கச் சுவிசேஷகர் ஜான் ஸ்டாட் 1988-ல் இதன் பக்கம் சாய்ந்து எழுதியது பெரிய சலசலப்பைக் கிளப்பியது. கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பது மூன்றாவது; ஓரிகேனும் நிசா நகர் கிரகோரியும் இந்த வழியில் போனவர்கள். பாடநூல் முதலாவதுக்குப் பதினான்கு பக்கம் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் அரைப் பக்கத்தில் 'நவீன சமரசம்' என்று தள்ளிவிடுகிறது. மூன்றாம், நான்காம் நூற்றாண்டு ஆசாரியர்களை நவீனர் என்றால் விவரம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

கூடத்தில் எப்போதும் எழும் கேள்வி அளவு பற்றியது: எழுபது வருடப் பாவத்துக்கு முடிவில்லாத தண்டனை எப்படி நியாயம்? அளவற்ற மேன்மையுள்ளவருக்கு எதிரான குற்றம், ஆகவே அளவற்ற தண்டனை என்று பதில் தருகிறது பாடநூல். பழைய பதில்தான். ஆனால் அப்படிப் பார்த்தால் எல்லாப் பாவமும் ஒரே எடையாகிவிடும். லூக்கா 12:47-48 வேறு சொல்கிறது: எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடி, அறியாமல் செய்தவனுக்குச் சில அடி. முடிவில்லாத தண்டனையை ஆதரிக்கிறவர் இந்த வசனத்துக்கு இடம் கொடுத்துத்தான் தன் வாதத்தைக் கட்ட வேண்டும். அங்கேயும் மனுஷன் பாவத்தை விடாமல் தொடர்கிறான், அதனால் தண்டனையும் தொடர்கிறது என்ற வாதம் இதைவிடத் தாக்குப்பிடிக்கும்; அது பாடநூலில் இல்லை. இல்லாமற்போதலை ஆதரிக்கிறவரும் எளிதில் தப்பிவிட முடியாது. மத்தேயு 25:46 நித்திய ஜீவனையும் நித்திய ஆக்கினையையும் ஒரே வாக்கியத்தில் ஒரே அளவில் வைக்கிறது. அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

நான்காம் வாரம்தான் இந்த வகுப்பின் இதயம். "எங்க அப்பாரு, அவுங்கப்பாரு எல்லாம் அண்ணமார் சாமிக்குப் பொங்க வெச்சவங்க. பைபிளையே கண்ணுல பாக்கல. அவுங்க எல்லாருமே நரகத்துலயாங்க?" வெவ்வேறு வார்த்தையில் ஒவ்வொரு குழுவிலும் வரும் கேள்வி. இந்தப் பகுதிக்கு லண்டன் மிஷனரி சங்கம் வந்ததே 1830-ல்தான். அதற்கு முன் மதுரை மிஷன் சேசு சபைக் குருக்கள் கருமத்தம்பட்டி வரை வந்திருந்தாலும், அவர்கள் எட்டிய கிராமங்கள் சொற்பம். ஆகவே கேட்கிறவருக்கு இது தன் ரத்த உறவைப் பற்றிய கேள்வி.

பாடநூல் 'தேவனுக்கே வெளிச்சம்' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. நடத்தும் ஆசிரியர் அப்படி விட்டுவிடாமல் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடுகிறார். நியாயப்பிரமாணமில்லாத புறஜாதியார் தங்கள் மனச்சாட்சியின்படி நியாயந்தீர்க்கப்படுவது பற்றி ரோமர் 2:12-16. அறியாமையின் காலங்களைத் தேவன் காணாதவர்போலிருந்தார் என்று பவுல் ஆத்தேனேயில் சொன்ன அப்போஸ்தலர் 17:30. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மீட்படைய முடியும் என்ற, கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964-ஆம் ஆண்டு 'லூமென் ஜென்சியும்' ஏடு, எண் 16. இதை மறுக்கிறவர்கள் காட்டும், பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்ற ரோமர் 10:14-ஐயும் அவரே எழுதிவிடுகிறார். சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் கேட்ட ஆதியாகமம் 18:25 கடைசியில் வருகிறது. முடிவை அவர் திணிப்பதில்லை. கேள்வி கேட்டவர் கையில் நான்கு வசனக் குறிப்பும் ஒரு சங்க ஏடும் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அவரே படிக்கலாம். அடுத்த பதிப்பில் இந்தப் பலகைக் குறிப்பு அப்படியே அச்சில் ஏற வேண்டும்.

ஐந்தும் ஆறும் சுயசித்தம். தொடக்கம் அபாரம். ஊழைவிட வலியது எது என்று கேட்கும் 'ஊழ்' அதிகாரத்துக் கடைசிக் குறள் 380-ஐயும், ஊழையே புறமுதுகிடச் செய்யலாம் என்ற 620-ஐயும் எதிரெதிரே வைத்து, ஒரே நூலில் இரண்டும் எப்படி என்று கேட்டு ஆரம்பிக்கிறார்கள். அகஸ்டின்–பெலாகியு, 1524-25-ல் எராஸ்மஸ்–லூத்தர், 1618-19 டார்ட் மாநாடு என்று சபைக்குள் நடந்த சுயசித்த வழக்கின் வரலாறு அரைமணியில் ஓடிவிடுகிறது. ஓடியது போதும். ஆனால் தமிழருக்கு இருக்கும் மிகப் பெரிய வசதியைப் பாடநூல் பயன்படுத்தவே இல்லை. அருள் முழுக்க இறைவன் செயலா, மனுஷனும் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்ற இதே வழக்கை வைணவத்தின் தென்கலையும் வடகலையும், தாய் கவ்விப் போகும் பூனைக்குட்டி, தாயைத் தானே பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டி என்று நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கின்றன. மீட்கப்படுவோரைத் தேவனே தெரிந்துகொள்கிறார் என்ற கால்வினையும், மனுஷனும் இசைய வேண்டும் என்ற அர்மீனியுவையும் முக்கால் மணி நேரம் விளக்குவதைவிட இதில் தொடங்கினால் பத்து நிமிடத்தில் கூடம் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். வேறுபாட்டையும் அப்புறம் சொல்லலாம்: அங்கே சரணாகதியின் தன்மை பற்றிய வழக்கு, இங்கே சிலரைத் தெரிந்துகொண்டு சிலரை விட்டுவிட்டது நியாயமா என்ற ரோமர் 9-ன் வழக்கும் கூடச் சேர்கிறது.

1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளேயே (சி.எஸ்.ஐ.) கால்வின் வழி வந்தவர்களும், அர்மீனியுவின் பக்கம் நின்ற வெஸ்லி வழி வந்த மெதடிஸ்டுகளும் சேர்ந்தே இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லலாம். 'எங்கள் சபை இதில் எந்தப் பக்கம்' என்று கேட்கிறவருக்கு ஒற்றைப் பதில் ஏன் கிடைப்பதில்லை என்று அதில் புரிந்துவிடும்.

பெரிய சறுக்கல் ஆறாம் வாரத்தில். 'தேவன் யாரையும் நரகத்துக்கு அனுப்புவதில்லை, மனுஷனே தெரிந்துகொள்கிறான்' என்ற வாக்கியத்தைப் பாடநூல் சாவியாகக் கொடுத்து எல்லாப் பூட்டிலும் போடச் சொல்கிறது. நான்கு பூட்டில் அது திறக்காது. கேள்விப்படாதவன் எதைத் தெரிந்துகொண்டான்? சாகும் நொடியோடு தெரிவு ஏன் பூட்டப்படுகிறது? பரலோகத்தில் பரிசுத்தவான்கள் சுயசித்தத்தோடும் பாவமில்லாமலும் இருக்க முடியும் என்றால், ஆதியிலேயே அப்படிப் படைத்திருக்கலாமே? சுனாமிக்கும் மனுஷன் தெரிவுக்கும் என்ன சம்பந்தம்? மூன்றாவது கேள்விக்கு ரொம்ப நெருக்கமானதை நாத்திகத் தத்துவவாதி ஜே.எல். மாக்கி 1955-லேயே கேட்டுவிட்டார்: எப்போதும் நன்மையையே விரும்பித் தெரிந்துகொள்ளும் மனுஷரைச் சர்வவல்லவர் ஏன் படைக்கவில்லை?

உண்மையான சுயசித்தம் உள்ளவர்களைப் படைத்தால் அவர்கள் தீமையைத் தெரிந்துகொள்ளவும் கூடும் என்று கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா 1974-ல் கொடுத்த பதிலைப் பாடநூல் இரண்டு பக்கத்தில் சொல்கிறது, சுருக்கம் சரிதான். எங்கே பயன்படுத்துவது என்பதைச் சொல்லவில்லை. தேவனும் தீமையும் சேர்ந்து இருப்பது தர்க்க ரீதியில் முரண் என்ற குற்றச்சாட்டுக்கு அது பதில். சேர்ந்து இருப்பது சாத்தியம் என்று காட்டினால் அதன் வேலை முடிந்தது. உண்மையில் தேவன் ஏன் அனுமதித்தார் என்று அது சொல்லவே இல்லை. தத்துவவாதி வில்லியம் ரோ 1979-ல் வைத்த வாதம் வேறு. காட்டுத்தீயில் கருகி, யாருக்கும் தெரியாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகும் மான்குட்டியைக் காட்டி, இத்தகைய வீண் துன்பம் தேவன் இருப்பதற்கான வாய்ப்பைக் குறைக்கிறது என்கிறார். அதற்குப் பிளாண்டிங்காவின் அந்தப் பதிலை எடுத்து நீட்டினால் குறி தவறிவிடும். மாணவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான். எதிராளி 'முரண்' என்கிறாரா 'வாய்ப்புக் குறைவு' என்கிறாரா என்று முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டாவது என்றால், தேவனுடைய காரணமெல்லாம் நம் கண்ணுக்குப் பட்டாக வேண்டுமா என்ற திசையில் போக வேண்டும். அந்தப் பாதையிலும் முள் உண்டு: காரணம் நமக்குத் தெரியாது என்பதை எல்லை மீறி இழுத்தால், நன்மையைக் கண்டு தேவனை நல்லவர் என்று சொல்லும் உரிமையும் கைநழுவும்.

ஏழு முதல் ஒன்பது வரை ஆதாரம். கிறிஸ்து மரித்து, உயிர்த்தெழுந்து, இன்னின்னாருக்குத் தரிசனமானார் என்று பவுல் பட்டியலிடும் 1 கொரிந்தியர் 15:3-8-ஐ அச்சாணியாக வைத்திருப்பது சரியான முடிவு. நிருபம் எழுதப்பட்டது ஏறக்குறைய கி.பி. 55, சிலுவை மரணம் 30 அல்லது 33. பவுல் தானும் பெற்றுக்கொண்டதை ஒப்புவிக்கிறேன் என்பதால் அந்த வாய்பாடு அதற்கும் முந்தியது. கலாத்தியர் 1:18-19-ன்படி அவர் எருசலேமில் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கி, கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் கண்டிருக்கிறார். சாட்சிக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் இவ்வளவு குறைவு என்பது உண்மையிலேயே வலுவான வாதம். அந்தப் பட்டியலில் காலிக் கல்லறையும் இல்லை, அதை முதலில் கண்ட பெண்களும் இல்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுவது நல்லது. நாம் சொல்லாவிட்டால் எதிராளி சொல்வார்.

வெளிச்சாட்சியில் பாடநூல் கொஞ்சம் ஊதிவிடுகிறது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் (ஏறக்குறைய 116) பிலாத்துவின் கீழ் கிறிஸ்து கொல்லப்பட்டதைச் சொல்கிறார். ரோம ஆளுநர் பிளினி (ஏறக்குறைய 112) கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடியதைச் சொல்கிறார். 1961-ல் செசரியாவில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் கிடைத்தது. இவையெல்லாம் சேர்ந்து நிரூபிப்பது இயேசு வாழ்ந்தார், சிலுவையில் அறையப்பட்டார், சீக்கிரமே தொழப்பட்டார் என்பதை. உயிர்த்தெழுதலை இல்லை. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் தன் 'யூதத் தொல்வரலாறு' நூலின் 18-ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி எழுதிய பத்தியைப் பாடநூல் முழுசாக மேற்கோள் காட்டுவது ஆபத்து. அதில் கிறிஸ்தவக் கை பட்டிருக்கிறது என்பது ஆய்வாளர்களிடையே பரவலான முடிவு. 20-ஆம் புத்தகத்தில் யாக்கோபைப் பற்றி வரும் சிறு குறிப்பு போதும், அது உறுதியானது.

'5,800 கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள், ஆகவே நிகழ்ச்சி உண்மை' என்ற வரியை யாரும் மேடையில் சொல்ல வேண்டாம். எண்ணிக்கை, எழுதியது பெரும்பாலும் சிதையாமல் நம் கைக்கு வந்தது என்பதற்குத்தான் சாட்சி. எழுதியது நடந்ததா என்பது தனி வழக்கு. அந்தப் பிரதிகளில் பெரும்பாலானவை இடைக்காலத்தவை. மான்செஸ்டரில் இருக்கும், யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய கையெழுத்துத் துணுக்கை 'கி.பி. 125' என்று அடித்துச் சொல்வதும் கூடாது. கையெழுத்தின் பாணியை வைத்துக் கணித்தது அது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைகூட இடம் விட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பகுதியான 16:9-20, நான்காம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பதை ஒரு கிறிஸ்தவர் முதன்முதலில் எதிராளி வாயால் கேட்கக் கூடாது. அதைப் பாடநூல் மறைக்காமல் சொல்லியிருப்பதைப் பாராட்ட வேண்டும்.

இந்தப் பக்கத்தில் எட்டாம் வாரம் கட்டாயம் வரும் கேள்வி அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டார் என்கிறார்களே, அதை ஏற்காமல் இயேசுவின் உயிர்த்தெழுதலை மட்டும் ஏற்பது ஏன்? 'அது நானூறு வருடம் கழித்து எழுதப்பட்ட கதை' என்று பாடநூல் பதில் தருகிறது. இது பாதிதான் சரி. நிகழ்ச்சியை விரிவாகச் சொல்லும் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர். ஆனால் எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய சுந்தரரின் சொந்த அவிநாசிப் பதிகத்திலேயே, ஏழாம் திருமுறையில், நான்காம் பாட்டில் முதலையிடமிருந்து பிள்ளையைத் தரச் சொல்லும்படி வேண்டுகிறார். தேவாரம் ஓதத் தெரிந்த ஒருவர் கூடத்தில் இருந்தால் பாடநூலின் பதில் அங்கேயே உடைந்துபோகும். உடைய வேண்டியதும்தான். அடுத்தவர் நூலைப் படிக்காமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது.

சரியாகச் சொல்ல வேண்டுமானால் இப்படி: பதிகத்தில் இருப்பது வேண்டுதல், பிள்ளை வந்தது என்ற செய்தி விரிவாகக் கிடைப்பது சேக்கிழாரிடம். பவுலிடம் இருப்பது நடந்தது என்ற செய்தியே, பெயர் சொல்லப்பட்ட, அன்று உயிரோடிருந்த சாட்சிகளோடு. வித்தியாசம் இருக்கிறது, அது கால இடைவெளியின் அளவிலும் செய்தியின் வகையிலும் இருக்கிறது. இடைவெளி குறைவு என்பது மட்டுமே அற்புதத்தை நிரூபித்துவிடாது என்று 1748-ல் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுப்பிய ஆட்சேபம் அப்போதும் பாக்கி நிற்கும். அதற்கு ஒன்பதாம் வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள்: தேவன் இருக்க வாய்ப்பே இல்லை என்று தொடங்குகிறவருக்கு எந்தச் சாட்சியும் போதாது, இருக்கலாம் என்று தொடங்குகிறவருக்கு இதே சாட்சி கனமாகும் என்பதை அரைத்தாளில் எண்கள் போட்டுக் காட்டுகிறார்கள். கணக்குக்குப் பயந்தவர்கள்கூடப் பிடித்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது.

சேருகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பாடநூல் பழைய மொழிபெயர்ப்பை மட்டுமே எடுத்தாள்கிறது. கத்தோலிக்கர் திருவிவிலியம் கொண்டுவந்தால் யாத்திராகமத்தை விடுதலைப் பயணம் என்றும், ஆதியாகமத்தைத் தொடக்கநூல் என்றும் தேட வேண்டும். ஒப்பீட்டுப் பட்டியலை முதல் வாரமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள். திருப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஞாயிறும் வேலை இருக்கும். விட்ட வாரத்தை அடுத்த குழுவோடு சேர்ந்து கட்டணமின்றி முடிக்க அனுமதி உண்டு. நான்காம் வாரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். பத்தாம் வாரத் திறந்த விவாதத்துக்கு வெளியாட்களும் வரலாம், கட்டணம் இல்லை. ஆனால் அரைத்தாளின் கீழ்ப்பாதியை நிரப்பிக் கொடுத்தால்தான் அவர்களுக்கும் பேச இடம்.